மெம்பர் வீட்டுக்காரர்

என் மனைவி வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒருமுறை சாப்பிட்டவர்கள், மறுபடியும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். புளியை அளவாக விடுவாள். காய்ந்த மிளகாயை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவாள். பிரதேச சபை உறுப்பினர் ஆன பிறகும் அந்தக் குழம்பின் ருசி குறையவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். அவள்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

பொலிஸ் பெரிய ஐயாவிடம் சொல்லலாம் என்றுதான் புறப்பட்டு வந்தேன். அவர் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பரவாயில்லை. நீங்களும் சீருடை போட்டிருக்கிறீர்கள், தமிழும் நன்றாக எழுதுகிறீர்கள். பெண்பிள்ளைகளுக்குக் கையெழுத்து அழகாக வரும் என்பதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன்.

என் பெயர் ஜெயகுமார். பசறைக்கு மேலே வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சங்கத் தலைவராக நீண்டகாலம் இருக்கிறேன். தோட்டத்துத் துரையிடம் பேசவேண்டுமா, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் காற்றில் போய்விட்டதா, காதுகுத்து வீட்டில் யாரை முன்வரிசையில் உட்காரவைப்பது என்று சண்டையா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவி சிவசக்தி பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவர்கள்.

பெண்களுக்கு நான் எதிரி அல்ல. எங்கள் தோட்டத்தில் மகளிர் தினக் கூட்டத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான். ஒவ்வொரு வருஷமும் பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவேன். பெண்கள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, பிறகு எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள்.

போன உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நான் நின்றேன். கட்சிக்காரர்கள் வந்து, பட்டியலில் பெண்களின் பெயர் குறைகிறது, அப்படியே கொடுத்தால் வேட்புமனுவையே தள்ளிவிடுவார்கள் என்றார்கள். பெயர்தானே. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சிவசக்தியைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். தேர்தலில் நான் தோற்றேன். ஆனால் கட்சிக்கு விழுந்த மொத்த வாக்குகளுக்காகப் பட்டியலிலிருந்து ஓர் இடம் கிடைத்தது. அதைப் பெண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார்கள். ஆக, லயம் லயமாகப் போய்க் கும்பிட்டவன் வீட்டில் உட்கார்ந்தேன். ரொட்டி சுட்டவள் சபைக்குப் போனாள்.

அப்போது எனக்கு வருத்தமே இல்லை. நாற்காலி அவளுக்கு, வாய் எனக்கு என்று மனதுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பேசவேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன். பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து சைகையும் காட்டினேன். மீசையைத் தொட்டால் கை தூக்கவேண்டும். காதைச் சொறிந்தால் பேசாமல் இருக்கவேண்டும். முதல் இரண்டு கூட்டமும் நன்றாகப் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் தடிமன் பிடித்து எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கைலேஞ்சியால் துடைக்கும்போதெல்லாம் மீசை அகப்பட்டது. அன்றைக்கு அவள் எங்கள் கட்சி கொண்டுவந்த தீர்மானத்துக்கும் கை தூக்கினாள், அதை எதிர்த்தவர்களுக்கும் கை தூக்கினாள். சபையே சிரித்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள், இறங்கும்போது சொன்னாள்:

“ஏங்க, இனிமே பேப்பரும் வேணாம், மீசையும் வேணாம். எனக்குத் தெரிஞ்சத நான் பேசிக்கிறேன்.”

சபையில் அவளுக்கு மரியாதை இருந்தது என்று சொல்லமாட்டேன். சபையை நடத்தும் தவிசாளர் மற்றவர்களையெல்லாம் கௌரவ உறுப்பினர் என்று கூப்பிடுவார்; இவளை மட்டும் ‘நங்கி’ என்பார். தங்கச்சி என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். அவள் பேச எழுந்தால் ஒருவருக்கு டெலிபோன் வரும், ஒருவருக்கு வெளியில் வேலை வரும். இடைவேளையில் பிஸ்கட் தட்டை அவள் கையில் கொடுத்துப் பரிமாறச் சொன்னார்கள். அவள் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டாள். சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள் என்பதால் சிங்களம் தண்ணீராக வரும். எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் நொண்டும். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நாளில் பசறைச் சவரக்கடையில் என்னை உட்காரவைத்த ஆள் பக்கத்து நாற்காலிக்காரரிடம், இவர்தான் மெம்பர் வீட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தான். என் பெயரைச் சொல்லவில்லை. கன்னத்தில் கத்தி இருந்ததால் என்னால் எதுவும் பேசமுடியவில்லை.

அதன்பிறகுதான் நான் அவளுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கினேன். அவளுடைய டெலிபோனை நான் எடுத்தேன். மெம்பர் தூங்குறாங்க, மெம்பர் குளிக்கிறாங்க, மெம்பருக்குத் தலைவலி. ஒருநாள் மேல்கணக்கிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் தோட்டத்தின் உச்சிப் பிரிவு அது. ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி, ஒரு வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார்கள். மெம்பர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். பிள்ளை பாதையிலேயே பிறந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான பிள்ளை, நானே போய்ப் பார்த்தேன். சிவசக்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றையிலிருந்து டெலிபோனைப் பூட்டிவைத்துக்கொண்டாள்.

அடுத்தது மாத்திரை. மேல்கணக்குத் தண்ணீர்ப் பிரச்சினையை அவள் முதன்முதலாகச் சபையில் பேசவிருந்த நாள் அது. எல்ல ஊர்ப் பக்கமாக வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று புதிதாக வந்திருந்தது. மலை உச்சி ஊற்றில் குழாய் வைத்துத் தண்ணீரை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மேல்கணக்கு லயங்களில் பெண்கள் வாளி தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். பேசவேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை நான் பேசுவதாக இருந்தேன். அன்று காலை அவள் தேநீரில் பேதி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். மேடையில் பேசப்போகிறவர்களுக்கு வயிறு கலங்குவது இயற்கை. நான் இயற்கைக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன், அவ்வளவுதான்.

அவள் எழுந்து இரண்டு வசனம் பேசினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். மேடம் தண்ணீர் தேடிப் போகிறார் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒருவன் மட்டும் சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். சபைக் கட்டிடத்தில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பஜாரைக் கடந்து யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறாள். திரும்பி வரும்போது சேலைக் கரை நனைந்திருந்தது. இனி பேசமாட்டாள் என்று நினைத்தேன். அவள் போய்த் தன் இடத்தில் நின்று, தண்ணீர் விஷயத்தை அடுத்த முறை பேசுகிறேன், இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி என்றாள். வரி கட்ட வரும் பெண்களும், இங்கே வேலை செய்யும் பெண்களும், நானும் எங்கே போவது? நீங்கள் சிரித்து முடித்ததும் பதில் சொல்லுங்கள். சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கேட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சபையில் எழுதுவினைஞராக இருந்த பெண்கள் கதவுப் பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். அடுத்த மாதமே மலசலகூடத்துக்கு அத்திவாரம் போட்டார்கள். இப்போது நீல ஓடு பதித்து அழகாக இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

அவளுக்கு ஆதரவாகச் சபையில் முதலில் கை தூக்கியவர், இன்னோர் உறுப்பினரான ஜஸீல் நானா. பசறை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் கண்டவர். நடக்கும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றித்தான் நடப்பார். அவரையும் சிவசக்தியையும் பற்றி வந்த கதையை நான் பரப்பினேன் என்று எங்கள் தோட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். அது தவறு, மிஸ். நான் பரப்பவில்லை. மறுத்தேன்.

பஸ் ஹோல்ட்டில் நின்று மறுத்தேன். “ஜஸீல் நானாவையும் எங்க வீட்டு ஆளையும் சேத்து வச்சு யாராச்சும் பேசினா நம்பாதீங்க” என்றேன். அதுவரை யாரும் அப்படிப் பேசியிருக்கவில்லை. சவரக்கடையில் மறுத்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் மறுத்தேன். கோயில் கமிட்டியில் கண்கலங்க மறுத்தேன். ஜஸீல் நானா லயத்துப் பக்கம் வந்துபோவதாகச் சொல்வது சுத்தப் பொய் என்றேன். ஒரு வாரத்தில் நான் போய் மறுக்காத இடங்களுக்கும் விஷயம் போய்விட்டது. புருஷனே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புருஷன் மறுத்தால் நம்புவார்கள். மனிதர்களோடு பல வருஷம் பழகியவனுக்கு இது தெரியும்.

கோயில் கமிட்டி அந்த வருஷம் திருவிழா விளக்கை ஏற்ற வேறு ஆளைக் கூப்பிட்டது. பிள்ளைக்காம்பராவில் இரண்டு தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதை நிறுத்தினார்கள். எங்கள் மகள் துஷாந்தினி பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவளிடமும் யாரோ இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சிவசக்தி அடுப்புப் பற்றவைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, போன இடத்திலெல்லாம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றேன். 

“யாரும் உங்ககிட்ட கேக்காம, நீங்க எதுக்குங்க மறுக்கப் போனீங்க?” என்றாள்.

பெண்களுக்குச் சில நேரம் நன்றி சொல்லத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜஸீல் நானாவின் மனைவி ஸவாஹிரா எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். கறுப்பு அபாயா, கையில் ஒரு பெரிய டிபன் கேரியர். வழியெல்லாம் வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பெரிய சண்டை ஒன்று நடக்கும், அதைச் சமாதானம் செய்துவைக்கலாம் என்று நான் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர் சிவசக்தியின் முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“எங்கட மனிசனுக்கு முழங்கால் வருத்தம். கடையில மூணு படி ஏற ஏலாம என்னைப் புடிக்கச் சொல்றார். அவர் இந்த மலையேறி வந்துபோறாரெண்டு சொன்ன ஆள் ஆரு? அந்த மருந்தை எனக்கும் காட்டச் சொல்லுங்க.”

சிவசக்தி சிரித்தாள். ஸவாஹிராவும் சிரித்தார். வாசலில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். டிபன் கேரியரில் புரியாணி இருந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அதன்பிறகு ஸவாஹிரா அவளோடு எல்லா இடத்துக்கும் போகத் தொடங்கினார். கொழுந்துப் பெண்களும் பஜார் வீட்டுப் பெண்களும் ஒரே வாங்கில் உட்கார்ந்து என் மனைவியிடம் மனு கொடுத்தார்கள். பசறையில் நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை.

இந்த வருஷம் தவிசாளர் உடம்புக்கு முடியாமல் விலகினார். சபையில் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தார்கள். ஒரு பக்கத்து ஆளை மறுபக்கம் ஏற்காது. இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஏற்கக்கூடிய ஒரே பெயர் சிவசக்தி என்று பேச்சு வந்தது. என்னிடமே வந்து கேட்டார்கள், உங்களுக்குச் சம்மதம்தானே என்று. சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்லமுடியும்? தலைவன் என்றால் பெருந்தன்மை வேண்டும். ஆனால் அன்றைக்கு வீட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தபோது, இனிச் சாகும்வரைக்கும் சவரக்கடையில் நான் தவிசாளர் வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தது.

வாக்கெடுப்புக்கு முந்திய வாரம் அவள் மலை உச்சி ஊற்றைப் பார்க்கப் புறப்பட்டாள். சபையிலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள், வழிகாட்ட மேல்கணக்குப் பெண்கள் கொஞ்சப்பேர். பெரியாயி என்ற மூத்த கொழுந்துக்காரி முன்னால் நடந்தாள். ஸவாஹிரா பாதிவழியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் கடைசியாகப் போனேன். ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்திருக்கிறது. அதில் குளவிக்கூடு ஒன்று அரிசிமூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பக்கம் கொழுந்து பறிப்பதில்லை என்பதால் வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு வாரம் அவள் படுத்துக் கிடந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். வாக்கெடுப்பு முடிந்துவிடும். வேறு யாராவது வருவார்கள். மறுபடியும் பிள்ளைக்காம்பரா, மறுபடியும் கருவாட்டுக் குழம்பு. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புதருக்குப் பின்னால் போனேன். இளவயதில் எல்லே என்ற பந்து விளையாட்டில் என் எறிக்குப் பசறை முழுவதும் பேர் இருந்தது. முதல் கல் கிளையில் பட்டது. வயதாகிவிட்டது. இரண்டாவது கல் சரியாகப் போயிற்று.

நீங்கள் குளவி வரும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா, மிஸ்? தூரத்தில் லொறி ஒன்று மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். உத்தியோகத்தர்கள் இரண்டு பேரும் எங்களுக்கெல்லாம் முன்னால் பள்ளத்தில் இறங்கி ஓடினார்கள். கொழுந்துப் பெண்களுக்குப் பழக்கம் உண்டு. குப்புற விழுந்து முகத்தை மூடிக்கொண்டார்கள். சிவசக்தி விழவில்லை. விழாமல், நின்று திரும்பி, ஸவாஹிரா அக்கா ஏறி வந்துவிடாதீங்க என்று கீழே பார்த்துச் சத்தம் போட்டாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கொட்டியது. பெரியாயி எழுந்து ஓடி அவளைத் தள்ளி விழுத்தி, தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து அவள்மேல் போட்டு, அதற்குமேல் தானும் படுத்துக்கொண்டாள். பெரியாயியின் முதுகு தெரியவில்லை. அவ்வளவு குளவி.

பெரியாயிக்கு இன்னும் ஒரு கண் திறக்கவில்லை. அதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் அவளை அங்கே வரச்சொன்னது நான் இல்லை.

தோட்டத்துக் கொழுந்து லொறியை அஜந்தன் என்ற பையன் ஓட்டுகிறான். அவன்தான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். நான் சிவசக்தியின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் உதடு நீலமாகிவிட்டது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். வழியில் கோயில் வந்தபோது கும்பிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதானே வந்திருக்கிறேன். எதை வேண்டிக் கும்பிட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பதுளையில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். சில நாள் குழாய் மாட்டி வைத்திருந்தார்கள். வார்டுக்கு வெளியே பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். கொழுந்துப் பெண்கள், பஜார்ப் பெண்கள், சபையில் வேலை செய்யும் பெண்கள். ஆஸ்பத்திரிக் காவல்காரருக்கு அவர்களைச் சமாளிக்க முடியவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பலர் என் கையைப் பிடித்து அழுதார்கள். அது ஆறுதலாகத்தான் இருந்தது.

குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முகம் வீங்கி, கண் கீற்றாகத் தெரிந்தது. நான் போர்வையைச் சரிசெய்தேன். அவள் மெல்லிய குரலில் கேட்டாள்:

“அன்னைக்கு நல்ல வெயிலுங்க. நீங்க எதுக்கு மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வந்தீங்க?”

சொல்ல மறந்துவிட்டேன், மிஸ். அன்றைக்கு நான் மழைக்கோட்டு போட்டு, தொப்பி வைத்து, கழுத்தில் மப்ளரும் கட்டியிருந்தேன். எனக்குத் தடிமன் இருந்தது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தபோது பேசினாள்.

“நான் போய் பொலிஸ்ல சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? ஜஸீல் நானாவோட சேர்றதுக்குப் புருஷன மாட்டிவிட்டாள்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் நீங்க முன்னாடியே வழி பண்ணி வச்சிருக்கீங்களே. நான் சொல்ல மாட்டேன். நீங்களே போயிச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்ற துஷாந்தினியிடம், மேல்கணக்குக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் போகிறதா என்று கேட்டாள். துஷாந்தினி என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் நிலைமையைக் காரணம் காட்டி வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த நாளில் ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை. முகத்தில் வீக்கம் வடியாமல், ஸவாஹிராவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய் உட்கார்ந்தாள். முன்னே மேசையில் தட்டிச் சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். இப்போது அவளை யாரும் நங்கி என்பதில்லை. முதல் வேலையாக விடுதிக்காரர்கள் ஊற்றில் தண்ணீர் எடுக்கத் தடையுத்தரவு போட்டாள். மேல்கணக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. அவள் இப்போது மகளோடு பதுளையில் வாடகை அறையில் இருக்கிறாள். நான் லயத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், பிள்ளைக்காம்பராவில் சேருவதற்கு முந்தி, அவள் கொழுந்து பறிக்கும்போது ஒரே ஒரு குளவி கொட்டியது. ஒன்றே ஒன்று. தொண்டை அடைத்துக் கீழே விழுந்துவிட்டாள். அன்றைக்கும் இதே பதுளை ஆஸ்பத்திரிதான். அவள் நினைவில்லாமல் கிடந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவருடைய உடம்புக்குக் குளவி விஷம் ஆகாது, இன்னொரு முறை கொட்டினால் உயிரோடு கொண்டுவந்து சேர்க்கமாட்டீர்கள், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் பயந்துவிடுவாள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மயக்கம் வந்து விழுந்தாய் என்று மட்டும் சொன்னேன். ஆகவே அந்த டாக்டரை விட்டால் விஷயம் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். கல்லை எடுத்தபோது அது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. முதல் கல்லுக்கும் இருந்தது, இரண்டாவது கல்லுக்கும் இருந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் போதும் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன் அல்லவா, அதை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு நாள் வராமல் இன்றைக்கு ஏன் வந்தேன் என்று எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். நேற்று பசறையில் தவிசாளருக்குப் பாராட்டு விழா. பந்தல், நாதஸ்வரம், தோரணம் எல்லாம் இருந்தது. எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். அவள் கழுத்தில் விழுந்த மாலைகளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று என் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். மாலைகளுக்குமேல் எட்டித்தான் மேடையைப் பார்த்தேன். சிவசக்தி நன்றி சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியாயிக்குச் சொன்னாள், அப்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஸவாஹிராவுக்கு, ஜஸீல் நானாவுக்கு, டாக்டர்மாருக்கு, வார்டு கூட்டிய பெண்ணுக்கு, மகளுக்குச் சொன்னாள். லொறி ஓட்டிய அஜந்தனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடையே போர்த்தினாள். பிறகு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக நன்றியுரை சொன்னவர் ஒலிபெருக்கிக்காரரைக்கூட விடவில்லை.

நீங்கள் நியாயமாக யோசித்துப் பாருங்கள், மிஸ். அந்தக் குளவி கொட்டாமல் இருந்திருந்தால் அத்தனை பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருப்பார்களா? சபையில் இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்து நின்றிருக்குமா? தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன், எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தவன் நான்தான் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அதை நேற்று மேடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.